எடிட்டருக்கு ஓர் அமைவுக் கோப்பு: எதை எழுதுவது, எதை விடுவது?

கொட்டாஞ்சேனை மாணவி எழுதியது:

வணக்கம். கொழும்பில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து மும்மொழிச் செயலி ஒன்றைச் செய்துவருகிறோம். பைதான் நிரல்களோடு, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் உள்ள மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் திருத்துவதும் என் பொறுப்பு. ஆய்வுகூடத்து உபுந்து லினக்ஸ் கணினிகள், வீட்டிலுள்ள மடிக்கணினி, தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையும் ஒரு சேவர் என மாறி மாறி வேலை செய்வதால், எங்கு போனாலும் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) திறக்கக்கூடிய ஓர் எடிட்டரை ஒழுங்காகப் பழகிக்கொள்ள விரும்புகிறேன்.

மூத்த மாணவர் ஒருவர், விம் என்ற எடிட்டரின் அமைவுக் கோப்பான தனது விம்ஆர்சியைத் தந்தார். அதில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவரும் அதை இன்னொருவரிடமிருந்துதான் எடுத்தாராம். பல வரிகள் என்ன செய்கின்றன என்று கேட்டபோது அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, வரி எண்ணைக் காட்டும் 'செட் நம்பர்' என்ற ஒரே வரியுடன் எனக்கென்று ஒரு கோப்பைத் தொடங்கினேன். வரி எண் வந்துவிட்டது. ஆனால் அதுவரை நிரலுக்கு இருந்த நிறங்கள் மறைந்துவிட்டன. மூடிய கோப்பை மறுபடி திறந்தால், விட்ட இடத்துக்கே கர்சர் போய் நிற்பதும் நின்றுவிட்டது. ஒரு வரியைச் சேர்த்ததற்கு இரண்டு வசதிகள் ஏன் போக வேண்டும்? அத்துடன், என் தேவைக்கு நானோ என்ற எளிய எடிட்டர் போதுமா, விம்மிலேயே நிலைப்பது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தை நிர்வாகி எழுதியது:

தங்கச்சி, நிறம் மறைந்த கேள்விக்கு விம் பழகியவர்கள் பதில் சொல்லட்டும். நான் சேவர்களைப் பராமரிப்பவன். நானோவின் பக்கம் நின்று பேசுகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

பைன் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு வந்த பிக்கோ எடிட்டருக்குக் கட்டற்ற மாற்றாக 1999 இல் தொடங்கப்பட்டதுதான் நானோ. அதன் அமைவுக் கோப்பை எழுத நிரல்மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஹோம் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியுடன், நானோஆர்சி என்ற சாதாரண உரைக் கோப்பை உருவாக்கி, ஒரு வரிக்கு ஒரு கட்டளையாக எழுதினால் போதும். '#' குறியுடன் தொடங்கும் வரியை நானோ படிக்காமல் விட்டுவிடும், ஆகவே அங்கே உங்கள் குறிப்புகளை எழுதலாம்.

பைதானுக்கு வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். நானோவில் டாப் அகலம் இயல்பாக 8. 'செட் டாப்சைஸ் 4' என்றால் அது 4 ஆகும். ஆனால் அந்த வரி திரையில் தெரியும் அகலத்தை மட்டுமே மாற்றுகிறது. டாப் விசையை அழுத்தும்போது உண்மையிலேயே இடைவெளிகள் விழ வேண்டுமானால் 'செட் டாப்ஸ்டுஸ்பேசஸ்' என்ற வரியும் வேண்டும். பலர் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு, திரையில் எல்லாம் சீராகத் தெரிகிறதே என்று இருந்துவிடுகிறார்கள். பிறகு அதே கோப்பை வேறொருவர் திறக்கும்போது டாப்பும் இடைவெளியும் கலந்து கிடக்க, பைதான் பிழை காட்டி நிற்கிறது. 'செட் ஆட்டோஇன்டென்ட்' முந்தைய வரியின் உள்தள்ளலைப் புதிய வரிக்கும் கொண்டுவரும். 'செட் லைன்நம்பர்ஸ்' வரி எண் தரும். 'செட் பொசிஷன்லொக்' நீங்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும்.

மொழிபெயர்ப்புக் கோப்புகளில் நீண்ட வாக்கியங்கள் இருக்குமல்லவா? அவற்றுக்கு 'செட் சொஃப்ட்ராப்', 'செட் அட்பிளாங்ஸ்' என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். முதலாவது நீண்ட வரியைத் திரை அகலத்துக்குள் மடித்துக் காட்டும், இரண்டாவது அந்த மடிப்புச் சொல்லின் நடுவில் விழாமல் இடைவெளியில் விழச் செய்யும். இது காட்சிக்கு மட்டுமே, கோப்புக்குள் எதுவும் மாறாது. 2019 இல் வந்த 4.0 பதிப்புக்கு முன்பு நானோ நீண்ட வரியைத் தானாகவே உடைத்து உண்மையான புதுவரியாக்கிவிடும் இயல்புடன் வந்தது. பழைய சேவர்களில் இன்றும் அந்தப் பதிப்புகள் இருப்பதால், அங்கே 'செட் நோராப்' என்ற வரி இல்லாமல் அமைவுக் கோப்புகளைத் திருத்துவது ஆபத்து.

வரியொன்றைப் பிழையாக எழுதினால் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்தச் சொல் விளங்கவில்லை என்று நானோ திறக்கும்போதே சொல்லிவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் தேவையில்லை. நான் பார்த்த அளவில், ஒரு மாணவரின் தேவைக்குப் பத்து வரிகள் தாராளம்.

பம்பலப்பிட்டி விம்காரர் எழுதியது:

நிறம் மறைந்ததற்குக் காரணம் தெளிவானது. 2016 இல் வெளிவந்த விம் 8.0 முதல், உங்களுக்கென்று விம்ஆர்சி கோப்பு இல்லாவிட்டால், டிஃபோல்ட்ஸ் டொட் விம் என்ற கோப்பை விம் தானாகவே ஏற்றிக்கொள்கிறது. புதியவர்கள் வெறும் விம்மைக் கண்டு மிரளக் கூடாது என்பதற்காக நிறங்கள், கோப்பு வகைக்கேற்ற உள்தள்ளல், தேடும்போதே முடிவைக் காட்டுதல், கடைசியாக நின்ற இடத்துக்குத் திரும்புதல் ஆகியவற்றை அதில் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் ஒரு விம்ஆர்சி, அது வெறுமையாக இருந்தாலும்கூட, தோன்றிய கணமே 'இவர் தன் விருப்பத்தைத் தானே எழுதுகிறார்' என்று விம் எடுத்துக்கொண்டு அந்தக் கோப்பை ஏற்றாமல் விட்டுவிடும். ஆகவே அந்த வசதிகள் கெட்டுப்போகவில்லை, ஏற்றப்படவில்லை, அவ்வளவே.

தீர்வு: உங்கள் கோப்பின் முதல் வரியாக, விம்ரன்டைம் என்ற மாறியின் பெயரை டொலர் குறியுடன் எழுதி, அந்த ஃபோல்டரிலுள்ள டிஃபோல்ட்ஸ் டொட் விம்மை 'சோர்ஸ்' கட்டளையால் அழையுங்கள். சில லினக்ஸ் விநியோகங்கள் 'ஸ்கிப் டிஃபோல்ட்ஸ் விம்' என்ற மாறியை முன்கூட்டியே வைத்து இதைத் தடுத்திருக்கும். அதனால் அந்த மாறியை நீக்கும் 'அன்லெட்' வரியை, ஆச்சரியக்குறியுடன், அதற்கும் மேலே எழுதுவது பாதுகாப்பு. அதன் பிறகு 'செட் நம்பர்' முதலான உங்கள் வரிகள் வரட்டும். பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

அடுத்ததாக, எந்த விம்ஆர்சி வைத்திருப்பவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கட்டளை. ஏதோ ஓர் அமைப்பு நீங்கள் நினைத்தபடி இல்லையென்றால், 'வெர்போஸ் செட் டாப்ஸ்டொப்' என்று எழுதிக் கேள்விக்குறியுடன் முடியுங்கள். இப்போதைய மதிப்பு என்ன என்பதோடு, அதைக் கடைசியாக மாற்றிய கோப்பு எது, எத்தனையாவது வரி என்பதையும் விம் காட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள இரவல் கோப்பில் தேடித் திரிவதற்குப் பதில், காரணம் ஒரே நொடியில் கையில் கிடைக்கும். 'கிளீன்' என்ற தெரிவுடன் விம்மைத் தொடங்கினால் உங்கள் கோப்பை விட்டுவிட்டுத் திறக்கும். அப்போதும் பிரச்சினை இருந்தால் குற்றம் உங்கள் கோப்பில் இல்லை.

நானோ போதுமா என்ற கேள்விக்கு நிர்வாகி அண்ணாவோடு நான் உடன்படவில்லை. பில் ஜோய் 1976 இல் எழுதத் தொடங்கிய விஐ என்ற எடிட்டரின் வழியில் வந்து, பிராம் மூலெனார் 1991 இல் வெளியிட்டு, 2023 ஓகஸ்ட்டில் மறையும்வரை அவர் பராமரித்து வளர்த்த எடிட்டர் இது. யுனிக்ஸ் வழிவந்த அநேகமாக எந்தக் கணினியிலும் விஐ ஏதோவொரு வடிவில் இருக்கும். நானோ இல்லாத சேவரை நீங்கள் ஒருநாள் சந்திக்கத்தான் போகிறீர்கள்.

வெள்ளவத்தை நிர்வாகி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அறிமுகமில்லாத சேவரில் இருக்கப்போவது வெறும் விஐ. உங்கள் விம்ஆர்சி அங்கே இருக்காது. உபுந்துவின் சிறிய நிறுவல்களில் விஐ என்ற பெயரில் கிடைக்கும் விம் டைனி, நிறங்கூட இல்லாத குறைந்த பதிப்பு. அமைவுக் கோப்பில் தங்கி வாழப் பழகியவர் அங்கே போய்த் தடுமாறுவார். ஆகையால் எந்த எடிட்டரானாலும், விசைகளின் அடிப்படைப் பொருளை மாற்றும் வரிகளை எழுதாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நிறம், வரி எண், உள்தள்ளல் ஆகியவை இல்லாவிட்டாலும் கை வேலை செய்யும். சேமிக்கும் விசையும் வெளியேறும் விசையும் மாறிவிட்டால், பழகிய கை பிழையான இடத்தில் அழுத்தும். அது நடப்பது பெரும்பாலும் நள்ளிரவில், அவசரத்தில், உற்பத்திச் சேவரில்.

கொட்டாஞ்சேனை மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விம்காரர் அண்ணா சொன்னபடி இரண்டு வரிகளைச் சேர்த்தேன். நிறங்களும் கர்சர் இடமும் திரும்பிவிட்டன. நானோவிலும் அந்த வரிகளை எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது வேறொரு சிக்கல். குழுவில் ஒருவர் விண்டோஸ் பயன்படுத்துகிறார். அவர் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பினால், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டுகிறது. அத்துடன் தரவை உரையாக வைத்திருக்கும் ஜேசன் கோப்பொன்றைப் பைதான் படிக்க மறுத்து, தொடக்கத்தில் எதிர்பாராத ஏதோ இருப்பதாகச் சொல்கிறது. எடிட்டரில் பார்த்தால் அங்கே எதுவுமே தெரியவில்லை. இதையும் எங்கள் ஒவ்வொருவரின் அமைவுக் கோப்பிலும் எழுதித் தீர்க்க முடியுமா?

தெஹிவளை நிரலாளர் எழுதியது:

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வரி எண் வேண்டுமா, எந்த நிறம், மவுஸ் வேலை செய்ய வேண்டுமா என்பவையெல்லாம் உங்கள் சொந்த விருப்பம்; அவை உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். உள்தள்ளல் எத்தனை இடைவெளி, வரி எந்தக் குறியுடன் முடிய வேண்டும், எழுத்துக் குறியீடு எது என்பவை கோப்புக்குள் பதிவாகி மற்றவரின் கைக்குப் போகின்றன; அவை குழுவின் முடிவு, ஆகவே வேலைத்திட்டத்தின் ஃபோல்டரில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கலப்பதால்தான் தகராறுகள் வருகின்றன.

குழுவின் முடிவை எழுதுவதற்கென்றே எடிட்டர்கொன்ஃபிக் என்ற பொதுவான வடிவம் உண்டு. வேலைத்திட்டத்தின் உச்சி ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் புள்ளியுடன் அந்தப் பெயரில் ஒரு கோப்பை வையுங்கள். முதல் வரி 'ரூட்' என்பதற்கு 'ட்ரூ' என்ற மதிப்பைத் தர வேண்டும். எடிட்டர் திறந்த கோப்பிலிருந்து மேலே மேலே ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிக்கொண்டு போகும்; இந்த வரியைக் கண்டதும் தேடலை நிறுத்தும். அதன் கீழே சதுர அடைப்புக்குள் நட்சத்திரக் குறியிட்டு, எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானவற்றை எழுதுங்கள்: எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8, வரி முடிவு எல்எஃப் (லினக்ஸ் முறை), கோப்பின் இறுதியில் ஒரு புதுவரி. பிறகு பைதான் கோப்புகளுக்கு இடைவெளி 4 என்றும், மேக் என்ற கட்டமைப்புக் கருவி படிக்கும் மேக்ஃபைலுக்குக் கட்டாயமாக டாப் என்றும் தனிப் பகுதிகள் வரட்டும். மேக்ஃபைலில் டாப் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இருந்தால் மேக் அதை ஏற்காது என்பதால் இந்தப் பகுதியை மறந்துவிட வேண்டாம்.

விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் 0.9 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே படிக்கிறது. விம் 9 இன் பிந்தைய வெளியீடுகளில் இதற்கான செருகுநிரல் கூடவே வருகிறது, இயக்கிவிட்டால் போதும். விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு ஒரு நீட்சியை நிறுவ வேண்டும். நானோ இதைப் படிப்பதில்லை, ஆகவே நானோவில் திருத்துபவர் தன் நானோஆர்சியை இதற்கு ஒத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் குழுவில் நடந்ததைப் பார்ப்போம். விண்டோஸ் மரபில் ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்துகளால் முடிகிறது, லினக்ஸில் ஒன்றால். உங்கள் நண்பரின் எடிட்டர் சேமிக்கும்போது எல்லா வரிகளின் முடிவையும் மாற்றியிருக்கிறது. கிட்டின் பார்வையில் ஒவ்வொரு வரியும் புதியதுதான். ஜேசன் கோப்பின் தொடக்கத்தில் இருப்பது பைட் ஓர்டர் மார்க் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பிலும் இது இருக்கும். அங்கிருந்து மாற்றி எடுத்த கோப்புகளுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். விம்மில் 'செட் நோபொம்ப்' என்று கொடுத்துவிட்டுச் சேமித்தால் அது போய்விடும்.

ஏற்கெனவே கலந்துபோன கோப்புகளை ஒரே தடவையில், வேறு எந்த மாற்றமும் சேராத தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு தனிப் பதிவாக) திருத்துங்கள். கிட் 2.23 முதல், அப்படிப்பட்ட கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கட்டளையில் அவற்றைத் தாண்டச் செய்யலாம். இல்லாவிட்டால் இனி யார் எந்த வரியை எழுதினார் என்று தேடினால் எல்லா வரிகளிலும் உங்கள் பெயரே நிற்கும்.

வெள்ளவத்தை நிர்வாகி எழுதியது:

தெஹிவளை நண்பர் சொன்ன பிரிவினை மிகச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எடிட்டர்கொன்ஃபிக்கில் வரி இறுதி வெற்றிடங்களை நீக்கும் தெரிவும் உண்டு; பலர் யோசிக்காமல் அதை எல்லாக் கோப்புகளுக்கும் இட்டுவிடுகிறார்கள். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் வரி இறுதியிலுள்ள இரண்டு இடைவெளிகளுக்கு வரியை முறிக்கும் பொருள் இருக்கிறது. எங்கள் வேலைத்தலத்தில் நிறுவல் வழிகாட்டி ஒன்றில் ஒருவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தார். தனித்தனி வரிகளாக இருந்த முகவரி விபரங்கள் எல்லாம் ஒரே பந்தியாக ஒட்டிக்கொண்டன. மார்க்டவுனுக்கு அந்தத் தெரிவை 'ஃபோல்ஸ்' என்று தனியாக எழுதுங்கள்.

அச்சகத் தட்டச்சாளர் எழுதியது:

பிள்ளைகளே, உங்கள் உரையாடலை ஆர்வத்துடன் வாசித்தேன். நான் புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் நீண்டகாலம் தமிழ் தட்டச்சுச் செய்தவன். கை முழுவதும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை முறைக்கே பழகியது. இப்போது மகனின் லினக்ஸ் கணினியில் யூனிகோடில் எழுத வேண்டியிருக்கிறது. விம்மை மகன் பழக்கிவிட்டான். ஆனால் கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால், விம்மின் கட்டளை விசைகள் எதுவும் வேலை செய்வதில்லை. ஒரு சொல்லை அழிப்பதற்கும் ஆங்கிலத்துக்கு மாற்றி, மறுபடி தமிழுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அமைவுக் கோப்பில் இதற்கு வழி உண்டா?

பம்பலப்பிட்டி விம்காரர் எழுதியது:

ஐயா, நல்ல வழியே உண்டு. கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்தை விம்மே உருவாக்கட்டும். இதற்குத்தான் விம்மில் கீமாப் என்ற வசதி இருக்கிறது. கட்டளை நிலையில் விசைகள் ஆங்கிலமாகவே இருக்கும், எழுதும் நிலைக்கு வந்ததும் தமிழாகும். எழுதும்போது இடையில் ஆங்கிலம் வேண்டுமானால், கொன்ட்ரோலுடன் 6 எண் விசையிலுள்ள கூரைக் குறியை அழுத்தினால் மாறும், மறுபடி அழுத்தினால் திரும்பும்.

விம்முடன் வரும் தமிழ்க் கீமாப் பழைய தஸ்கி குறியீட்டுக்கானது, உங்களுக்கு உதவாது. ஆனால் சொந்தமாக எழுதுவது எளிது. ஹோம் ஃபோல்டரிலுள்ள விம் ஃபோல்டருக்குள் கீமாப் என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் ஒரு கோப்பை வையுங்கள். 'லோட்கீமாப்' என்று ஒரு வரி. அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் அழுத்தும் விசை, வலப்பக்கம் வர வேண்டிய தமிழ் எழுத்து. உங்கள் கை அறிந்தபடி ஜே விசைக்குத் த, கே விசைக்கு ம, பீ விசைக்கு இகரக் குறி, ஓ விசைக்கு ழ, அரைப்புள்ளிக்குப் புள்ளி என்று எழுதிக்கொண்டு போனால், 'தமிழ்' என்ற சொல் பழைய விசைகளிலேயே யூனிகோடாக வந்து விழும்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பீர்கள். யூனிகோடில் மெய் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வர வேண்டும். 'கொழும்பு' என்று எழுத என், எஃப், எச் என்ற மூன்று விசைகளை அடித்தே முதல் எழுத்தை உருவாக்குவீர்கள். கீமாப்பில் விசைத் தொடரையும் இடப்பக்கத்தில் எழுதலாம் என்பதால், அந்த மூன்றையும் சேர்த்து ஒரு வரியாக எழுதி வலப்பக்கத்தில் 'கொ' என்று இட்டால் போதும். 18 மெய்களுக்கும் எ, ஏ, ஐ, ஒ, ஓ ஆகிய ஐந்து குறிகளுக்கும் 90 வரிகள் வரும். கிரந்த எழுத்துகளுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஔகாரத்தை மட்டும் இந்த முறையில் சேர்க்காதீர்கள்: 'தௌ' என்பதற்கும் 'தெளிவு' என்பதன் தொடக்கத்தில் வரும் 'தெள' என்பதற்கும் பாமினியில் ஒரே விசைகள்தான், விம்மால் வேறுபடுத்த முடியாது. ஔகாரத்துக்குப் பயன்படாத ஒரு விசையை ஒதுக்கிவிடுங்கள்.

இதற்கு விம்ஆர்சியில் வேண்டியது 'செட் கீமாப்' என்று தொடங்கி உங்கள் கோப்பின் பெயரைத் தரும் ஒரே வரி. அதனுடன் தமிழ் எழுதும் எல்லோருக்கும் நான் சொல்லும் இன்னொரு வரி 'செட் டெல்கொம்பைன்'. இயல்பாக விம்மில் பின்னழிப்பு விசை எழுத்தையும் அதனுடன் சேர்ந்த குறியையும் ஒன்றாக அழித்துவிடும். 'கெ' என்று எழுதப் போய் 'கே' என்று எழுதினால் ககரமும் சேர்ந்து போகும். இந்த வரி இருந்தால் கடைசியாக வந்த குறி மட்டும் போகும், மெய் நிற்கும். தமிழில் பல தட்டுப்பிழைகள் உயிர்க்குறியில் நிகழ்கின்றன என்பதால், நாள் முழுவதும் எழுதுபவருக்கு இது பெரிய ஆறுதல்.

அச்சகத் தட்டச்சாளர் எழுதியது:

தம்பி, மிக்க நன்றி. மகனுடன் சேர்ந்து பாதி எழுத்துகளை எழுதி முடித்துவிட்டேன். 'கொழும்பு' பழைய விசைகளிலேயே வந்தது. ஆனால் திரையில் 'ணை', 'லை' போன்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிகின்றன. கோப்பை உலாவியில் திறந்தால் சரியாக இருக்கிறது.

தெஹிவளை நிரலாளர் எழுதியது:

ஐயா, கோப்பில் பிழை இல்லை. டெர்மினல் திரையை ஒரே அளவான கட்டங்களாகப் பிரித்து, எழுத்துக்கு ஒரு கட்டம் அல்லது இரண்டு என்று ஒதுக்குகிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அகலத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும் தமிழ் எழுத்துகளுக்குப் பொருந்தாது. இதை எந்த விம்ஆர்சி வரியாலும் தீர்க்க முடியாது. நீண்ட தமிழ்ப் பந்திகளை வாசித்துத் திருத்துவதற்கு விஎஸ் கோடு போன்ற, உலாவியின் வழியில் எழுத்தை வரையும் எடிட்டர் நல்லது. அதன் செட்டிங்ஸ் ஜேசன் கோப்பில் எழுத்துரு வரியில் முதலில் உங்கள் ஆங்கில எழுத்துருவையும், காற்புள்ளியிட்டு அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழையும் எழுதுங்கள். முதலாவதில் இல்லாத எழுத்தை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே டாப் அகலத்தை 4 என்று எழுதியும் மாறவில்லை என்று சிலர் குழம்புவதுண்டு. திறந்த கோப்பின் உள்தள்ளலைத் தானே ஊகிக்கும் 'டிடெக்ட் இன்டென்டேஷன்' இயல்பாக இயங்குவதே அதற்குக் காரணம்.

கொட்டாஞ்சேனை மாணவி எழுதியது:

வரி முடிவுச் சிக்கல் தீர்ந்தது. எடிட்டர்கொன்ஃபிக்கைக் குழு முழுவதும் ஏற்றுக்கொண்டது. இன்னும் இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். வேலை நடுவில் மின்சாரம் நின்றாலோ எஸ்எஸ்எச் தொடர்பு அறுந்தாலோ எழுதியது என்ன ஆகும்? 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்தால் இது எனக்குச் சிறிய கேள்வியாகத் தெரியவில்லை. மற்றது, சேவரில் நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் நானோவைத் திறந்தால் என் அமைப்புகள் எதுவும் வருவதில்லையே, ஏன்?

பம்பலப்பிட்டி விம்காரர் எழுதியது:

முதலாவதுக்கு நான் சொல்கிறேன். 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது தட்டுவதை நிறுத்தி 4 வினாடி ஆனதும், விம் ஸ்வொப் எனப்படும் தனது தற்காலிகக் கோப்பில் மாற்றங்களை எழுதிவிடும். மின்சாரம் வந்த பிறகு அதே கோப்பைத் திறந்தால் மீட்க வேண்டுமா என்று கேட்கும். ஆகவே 'செட் நோஸ்வொப்ஃபைல்' என்ற வரியை எந்த இரவல் விம்ஆர்சியில் கண்டாலும், நம் ஊரில் வாழ்பவர்கள் அதை நீக்கிவிட வேண்டும். 'செட் அன்டூஃபைல்' எழுதினால், மூடித் திறந்த பின்பும் பழைய மாற்றங்களைப் பின்வாங்க முடியும். அதற்கான ஃபோல்டரைக் குறிப்பிட்டால் அதை நீங்களே முன்கூட்டி உருவாக்க வேண்டும். விம் உருவாக்கித் தராது.

வெள்ளவத்தை நிர்வாகி எழுதியது:

அன்டூ கோப்பில் நீங்கள் அழித்தவையும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கடவுச்சொல் உள்ள கோப்புகளைத் திருத்தும் இடத்தில் அந்த வரி வேண்டாம். நானோவுக்கு ஸ்வொப் கோப்பு இல்லை. தொடர்பு அறுந்தால், இருந்ததை 'சேவ்' என்று முடியும் பெயரில் எழுதிவிட்டு வெளியேறும்; மின்சாரம் நின்றால் அதற்கும் வாய்ப்பில்லை. தொடர்பு அறுந்தாலும் வேலையைத் தொடர்ந்து வைத்திருக்கும் டிமக்ஸ் மென்பொருளுக்குள், சேவரில் எடிட்டரைத் திறந்தால், உங்கள் பக்கம் மின்சாரம் போனாலும் சேவரின் பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும்.

சூடோ விடயம்: அப்படித் திறக்கும்போது நானோ ரூட் பயனராக இயங்குகிறது, ரூட்டின் ஹோம் ஃபோல்டரில் உள்ள நானோஆர்சியைத் தேடுகிறது, உங்களுடையதை அல்ல. ரூட்டுக்கும் ஒரு பிரதியை வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள், அதே சேவரில் வேலை செய்யும் மற்ற எல்லோரையும் அது பாதிக்கும். 'சூடோஎடிட்' என்ற கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அது கோப்பின் தற்காலிகப் பிரதியொன்றை எடுத்து, எடிட்டரை உங்கள் பெயரில், உங்கள் அமைப்புகளுடன் திறந்து, நீங்கள் சேமித்து வெளியேறிய பின் பிரதியை உரிய இடத்தில் எழுதிவைக்கும். எந்த எடிட்டர் திறக்க வேண்டும் என்பதை எடிட்டர் என்ற சூழல் மாறியில் எழுதிவைத்தால் போதும். அந்த வரி நானோஆர்சிக்குள் அல்ல, டெர்மினல் ஷெல்லின் அமைவுக் கோப்பான பாஷ்ஆர்சிக்குள் போக வேண்டும்.